லிஃப்ட் இல்லாத வீடு

"வாங்கினா நாலாவது மாடியிலதான் வாங்கணும். லிஃப்ட் இருக்கவே கூடாது" என்றாள் அவள்.

வீட்டுத் தரகருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "லிஃப்ட் இருக்கான்னுதாம்மா எல்லாரும் முதல்ல கேப்பாங்க."

"படியேறினா உடம்புக்கு நல்லதாச்சே" என்று கணவன் சமாளித்தான்.

தேடு தேடென்று தேடி, கடைசியில் ஒரு பழைய கட்டடம் சிக்கியது. செங்குத்தான படிகள். மேலே போய்ச் சேர்வதற்குள் தரகருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அவளுக்கோ பரம திருப்தி. அங்கேயே பேசி முடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கணவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "அம்மா, நமக்குக் கட்டுப்படியாகிறது நாலாவது மாடிதான். லிஃப்ட் கிடையாது. உன் முழங்கால் வலிக்கு…"

கல்யாணமாகி மருமகள் வந்த நாளிலிருந்து மாமியாரை அடுப்படிப் பக்கமே போகவிடாத வலி அது.

"என்னால எங்கேப்பா ஏற முடியும்?" அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டாள். "நீங்க சந்தோஷமாப் போங்க. நான் என் வீட்டிலேயே இருந்துக்கிறேன்."

"உங்களைத் தனியா விட்டுட்டுப் போக மனசே வரலை அத்தை" என்று மருமகள் மூக்கை உறிஞ்சினாள். "அடுத்த மாசம்தான் போகணும்."

"நல்ல காரியத்தை எதுக்கும்மா தள்ளிப்போடணும்?"

சொல்லிக்கொண்டே மாமியார் விறுவிறுவென்று ஸ்டூல் மேல் ஏறி, பரணில் கிடந்த அவர்களுடைய பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுக்க ஆரம்பித்தாள்.