ஏசி போட்டால் வரும் ஆறு

சென்னியப்பன் அப்பாவின் அஸ்திக் கலயத்தோடு வறண்ட ஆற்று மணலில் காலையிலிருந்து நின்றான். மின்சாரம் தேவைப்படும்போது மட்டும்தான் இப்போதெல்லாம் அணையில் தண்ணீர் விடுகிறார்கள்.

“மெட்ராசுல எல்லாரும் ஏசி போடட்டும், ஆறு தானா வந்துருமுங்க” என்று கொட்டாவி விட்டார், காரியம் செய்துவைக்க வந்த பண்டாரம்.

மதியம் தண்ணீர் வந்தது. முழங்காலளவுக்கு இறங்கிச் சாம்பலைக் கவிழ்த்தான். அது பத்தடி போவதற்குள் ஆறு நின்றுவிட்டது. அப்பா அவன் காலைச் சுற்றிச் சேறாகப் படிந்தார்.

எழவுக்குக்கூட வராத அண்ணன் சென்னையிலிருந்து கூப்பிட்டான்.

“அப்பாவக் கரைச்சாச்சாடா? இங்க திடீர்னு நல்ல மழை. ஏசிய அணைச்சுட்டு ஜன்னலத் திறந்து வச்சிருக்கோம். அடடா, என்ன சுகம்!”

சென்னியப்பன் போனிலேயே காறித் துப்பினான். கால் கழுவத்தான் தண்ணீர் இல்லை.