அலமாரியில் ஒரே இசைத்தட்டு

என் தங்கை சுகந்தா ஒரு ஓட்டலில் ஜாஸ் பாடினாள். அங்கே சாக்ஸபோன் வாசித்த க்ளாரன்ஸையே கல்யாணமும் செய்துகொண்டாள். அவனை நான் ‘அந்த ஊதுகாரன்’ என்றுதான் சொல்வேன், வீட்டுப்படி ஏற்றியதில்லை. இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஒரே இசைத்தட்டின் உறையில் அவள் முகமும், அவள் பெயருக்கு முன்னால் எங்கள் அப்பாவின் பெயரும் இருந்தன. அப்பாவின் பெயரைப் பிளாட்பாரத்தில் கிடக்க விடுவேனா? பழைய கடை, சேகரிப்பாளர் வீடு என்று எங்கே தென்பட்டாலும் வாங்கி வந்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நேற்று அவள் தலை நரைத்து வாசலில் வந்து நின்றாள். “அவர் போயிட்டார் அண்ணா. அவர் வாசிச்சதைக் கேக்கணும்போல இருக்கு. எங்ககிட்ட இருந்த தட்டு உடைஞ்சுபோச்சு. கடை கடையாத் தேடிட்டேன். யாரோ ஒரு கிறுக்கன் வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடறானாம்.” நான் அலமாரியைத் திறந்தேன். உள்ளே அவளுடைய இளவயது முகம் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. அடியிலிருந்து ஒன்றை உருவி அவள் கையில் கொடுத்தேன். “மத்ததெல்லாம் கீறல். இதை எடுத்துக்கோ. இதுலதான் மாப்பிள்ளை ஊதறதுக்கு முன்னால மூச்சு எடுக்கறதுகூடத் தெளிவாக் கேக்கும்.”