போயிட்டார்

"கார்டைக் காட்டினா கேட் திறக்கல. கேன்டீன் பட்டியல்ல பேர் இல்ல. என்னம்மா இது?" என்றார் ஸ்டோர்கீப்பர்.

பதிவேட்டுப் பிரிவுப் பெண் கணினியைத் தட்டினாள். அவர் பெயருக்கு நேரே 'காலமானார்' என்றிருந்தது. பிரிவுக்கொரு பதிவேடு, ஆளுக்கொரு தகவல் என்ற கூத்தெல்லாம் வேண்டாமென்று கேட், கேன்டீன், சம்பளம் எல்லாவற்றையும் போன மாதம்தான் ஒன்றாகக் கோர்த்திருந்தாள். இனி ஓரிடத்தில் தப்பென்றால் எல்லா இடத்திலும் தப்பு.

"மன்னிச்சிடுங்க அண்ணே. நீங்க போயிட்டீங்கன்னு காலையில உங்க மேனேஜர் போன்ல சொன்னார். லீவு போட்டு வீட்டுக்குப் போனதைச் சொல்லியிருப்பார். நான் ஒரு அவசரக்குடுக்கை, இப்படிப் போட்டுட்டேன்."

"நான் எங்கேயும் போகலையே."

எதற்கும் கேட்டுவிடலாமென்று மேனேஜரைக் கூப்பிட்டாள். "சார், ஸ்டோர் அண்ணன் போயிட்டார்னீங்களே, வீட்டுக்குத்தானே?"

"வீட்டுக்கு இனிமேதாம்மா கொண்டு போகணும். எல்லாரும் ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறோம்."

அவள் போனை மெல்லக் கீழே வைத்தாள்.

"அண்ணே, கேட் திறக்கலைன்னீங்களே. அப்புறம் எப்படி உள்ள வந்தீங்க?"

"அதைத்தாம்மா நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."