சவரிமுத்துவின் உயரம்

விமானத் தளத்துச் சுவரில் சாய்ந்திருந்த சைக்கிள், பத்து நாளாகச் சவரிமுத்துவுக்காகக் காத்திருந்தது. சவரிமுத்து ஆறடி விமானி. தன் காலுக்கு ஏற்ப அவர் உயர்த்தி வைத்த சீட்டை மூன்று வருஷமாக யாரும் இறக்கியதில்லை.

“உன் ஆளும் என் ஆளும் போன குண்டுவீச்சு விமானம் கடல்ல விழுந்துடுச்சு. அஞ்சு பேர்ல ஒருத்தரும் பிழைக்கல” என்றது பக்கத்துச் சைக்கிள்.

“அவர் வருவார்.”

பதினோராம் நாள் வந்தவர் புது விமானி குழந்தைசாமி. ஆள் குள்ளம். ஸ்பேனரால் சீட்டின் நட்டைத் திருகினார். சைக்கிள் பல்லைக் கடித்துக்கொண்டது. நட்டு அசையவில்லை. வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி திருகினார்.

“எதுக்கு இந்த வீம்பு?” என்றது பக்கத்துச் சைக்கிள். “நாளைக்கு இவரும் மேல போறவர்தான். இன்னிக்காவது கால் எட்டட்டுமே.”

சைக்கிள் கடித்த பல்லை விட்டது. சற்று நேரத்தில் நட்டு இளகியது.

சீட்டு நாலு விரல் இறங்கியது. சவரிமுத்துவின் உயரத்தில் சீட்டுத் தண்டைச் சுற்றிப் படிந்திருந்த துருக்கோடும் கூடவே குழாய்க்குள் இறங்கியது. குழந்தைசாமி ஏறி மிதித்தார். அந்தத் துருக்கோட்டை உள்ளே வைத்துக்கொண்டு சைக்கிள் ஓடியது.