இரண்டு பூட்டுக் கதவு

தொட்டதும் ஜன்னல் கம்பி கையோடு வந்துவிட்டது.

ஸ்பானரைச் சட்டைக்குள் மறைத்து எடுத்து வந்தது வீண். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு உடம்பை உள்ளே நுழைத்தேன்.

பகல் ஒரு மணி. கடைத்தெரு சாப்பிடப் போயிருந்தது. உள்ளே இருட்டில் அப்பாவின் பாத்திரக் கடை, மூன்று வருஷத் தூசியோடு கூரை வரை அடுக்கடுக்காக நின்றது.

பாத்திரக் கடையில் திருட நுழைபவன் மடையன். ஒரு மூடியில் முழங்கை பட்டால் போதும், தெருவே வந்து நிற்கும்.

நான் திருட வரவில்லை. என் சொந்தக் கையெழுத்தை எடுத்துப் போக வந்தேன்.

எதிர்த் தெருக் கடையை எனக்கு எழுதிக் கொடுத்த அன்று அப்பா ஒரு தாளை நீட்டினார். 'என் பங்கு இதோடு தீர்ந்தது. இந்தக் கட்டடத்தில் எனக்குப் பாத்தியம் இல்லை.' சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் போன மறுமாதம், கட்டடத்தின் முன்பாதி எனக்கு வேண்டும் என்று வழக்குப் போட்டேன். அண்ணனும் முன்பாதியைத்தான் கேட்டான். பின்பாதிக்கு வந்து எவன் குடம் வாங்குவான்?

அக்கா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க அடிச்சுக்காம இருந்தா போதும்பா" என்று ஒதுங்கிவிட்டாள்.

எதிர்த் தெருக் கடையை வழக்கு தின்றுவிட்டது. இதுவும் போனால் குழந்தைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அந்தத் தாள் வெளியே வந்தால் நீதிபதி என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நாளைக் காலை கோர்ட்டு கமிஷனர் வந்து, கரண்டி முதல் காகிதம் வரை கடையில் உள்ளதையெல்லாம் எழுதிக்கொள்ளப் போகிறார்.

வாசல் கதவில் இரண்டு பூட்டு. மேலே அண்ணனுடையது, கீழே என்னுடையது. இருவரும் சேர்ந்து வந்துதான் திறக்கலாம் என்பது உத்தரவு. தனியாக நுழைபவனுக்கு வழக்கும் போகும், ஜெயிலும் கிடைக்கும்.

கல்லாவுக்கு அடியில் அப்பாவின் தகரப் பெட்டி இருந்தது. அதில் கை வைத்தேன்.

வாசலில் மேல் பூட்டு திறந்தது.

கையை இழுத்துக்கொண்டேன். அடுத்த நொடி சிரிப்பும் வந்தது. அண்ணன்தான், வேறு யார்? திறக்கட்டும். கீழ்ப் பூட்டின் சாவி என் இடுப்பில் இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், இருந்தது.

கீழ்ப் பூட்டும் திறந்தது.

பெரிய அண்டாக்களுக்குப் பின்னால் எப்படிப் போய் விழுந்தேன் என்று தெரியாது. அங்கே ஒரு கை என் வாயைப் பொத்தியது.

அந்தக் கையின் மோதிரம் என் பல்லில் இடித்தது. அப்பாவின் மோதிரம். அதற்குத் தனி வழக்கு நடக்கிறது.

அண்ணன்.

ஜன்னல் கம்பி அவ்வளவு சுலபமாக வந்ததன் மர்மம் விளங்கியது. மூன்று வருஷமாக என்னோடு பேசாதவன் காதோடு கேட்டான்.

"டேய், யாருடா அது?"

"உன் ஆளுன்னு நினைச்சேன்."

தலைக்கு மேல் ஒரு மூடி லேசாக முனகியது. அதைப் பிடித்தேன். பிடித்ததில் அது இன்னும் முனகியது. அண்ணன் என் கையைப் பிடித்தான். மூடி அடங்கியது.

செருப்புச் சத்தம் அவசரமே இல்லாமல் கல்லாவுக்குப் போனது. பெட்டி திறந்தது. போன் வெளிச்சத்தில் முகம் தெரிந்தது.

அக்கா.

என் தாளை எடுத்துப் படித்தாள். பிறகு இன்னொரு தாளையும் எடுத்தாள்.

"அது என்னோடது" என்று அண்ணன் முனகினான். "வீடு குடுத்தப்ப எழுதி வாங்கிட்டார்."

மூவரில் இருவர் பங்கு தீர்ந்துவிட்டால் கட்டடம் யாருக்கு என்பதற்கு வக்கீல் வேண்டியதில்லை.

கோர்ட்டு புதுப் பூட்டு போடச் சொன்னபோது நான் வாங்குவதை அண்ணன் நம்பவில்லை, அவன் வாங்குவதை நான் நம்பவில்லை. ஒன்றும் கேட்காதவள் ஆயிற்றே என்று அக்காவை அனுப்பினோம். ஆளுக்கு ஒரு பூட்டும் ஒரு சாவியும் கொண்டுவந்து கொடுத்தாள். எந்தக் கடைக்காரன் ஒற்றைச் சாவியோடு பூட்டு விற்பான்? வியாபாரி வீட்டில் பிறந்த இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை.

அவள் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அவளை நிறுத்தச் சத்தம் போட முடியாது. இங்கே எப்படி வந்தோம் என்ற கேள்வி வரும். அண்ணன் கை என்னை விட்டுவிட்டு, பக்கத்தில் சாய்த்திருந்த இரும்பு உலக்கையைப் பிடித்தது. எங்களுக்கும் அவளுக்கும் நடுவே நாலு எட்டுதான்.

தடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததாகத்தான் ஞாபகம்.

அக்கா திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"அண்ணே, வாசல்ல எங்க வீட்டுக்காரர் நிக்கிறார். தம்பி, நீ முதல்ல போ. ரெண்டு பேரும் ஒண்ணா வெளிய வந்தா ராசியாயிட்டீங்கன்னு ஊரு நம்பிடும்."

கதவைச் சாத்தினாள். மேல் பூட்டு விழுந்தது. கீழ்ப் பூட்டு விழுந்தது.

அண்ணன் உலக்கையைக் கீழே வைக்கப் பார்த்தான். முடியவில்லை.

அடிமுனையில் என் கை இருந்தது, அவனுக்குத் தூக்கிக் கொடுக்கிற மாதிரி.