எண்பத்தேழு டிகிரி

"தங்கராஜு, இந்த நம்பர் பிழை. சுத்தி எல்லா இடமும் தொண்ணூத்தொண்டு காட்டேக்கை, பஃபலோ ரோட்டிலை மட்டும் எப்பிடி எண்பத்தேழு வரும்?"

தலைமை எழுத்தர் இராஜசிங்கம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். வானிலை ஆபீசில் அவர் அப்படிப் பார்த்தால் யாருக்கோ சீட்டுக் கிழியப்போகிறது என்று அர்த்தம்.

"பார்த்துத்தான் சார் எழுதினேன்."

"புக்கிட் பாத்தோக் காட்டுக்குள்ளை எங்கடை மற்றப் பெடியன் நூருல் அமீன் எடுத்ததும் எண்பத்தேழு. அங்கை மரம் நிக்குது. இஞ்சை என்ன நிக்குது?"

"மரம் ஒண்ணும் இல்ல சார்."

"ஆரும் தண்ணி ஊத்தித் தரை கழுவுகினமோ?"

"இந்தத் தண்ணிக் கஷ்டத்துலயா? குளிக்கவே ஆளுக்கு ஒரு வாளிதான் சார்."

அது 1963. மழை ஏமாற்றிவிட, சிங்கப்பூர் முழுக்கத் தண்ணீர்க் கட்டுப்பாடு. குழாயடியில் மனிதர்களுக்கு முன்னால் வாளிகள் வரிசையில் நின்றன. அந்த வெயிலில்தான், காட்டுப்புறத்தைவிடப் பட்டணம் எத்தனை டிகிரி கூடுதலாகக் கொதிக்கிறது என்று பார்த்து எழுதும் வேலை தங்கராஜுவுக்கு வந்தது. செவ்வாயும் வெள்ளியும் சைக்கிளில் கிளம்புவான். தார் ரோடும் சிமெண்டுச் சுவரும் தாங்கள் வாங்கிய வெயிலையெல்லாம் அவன் முகத்திலேயே திருப்பி அடிக்கும். ஆறு இடங்களில் இறங்கி, கைப்பிடி வைத்த வெப்பமானியைக் கிலுகிலுப்பை போலச் சுற்றி, பாரன்ஹீட் டிகிரியைக் குறித்துக்கொள்வான். பஃபலோ ரோட்டுக்கு வரும்போது சரியாக இரண்டு மணி.

மற்ற இடங்களில் இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். இங்கே மட்டும் பத்து நிமிடம் ஆகும். எல்லாம் சிவகாமசுந்தரியால் வந்தது.

மாடியில் அண்ணன் குடும்பம் இருக்க, கீழே ஓர் அறையில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் அவள். வாசலை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில், வெயிலுக்கு மறைவாக ஒரு சாக்குத் திரை தொங்கும். அதன் நிழலில் நின்றுதான் அவன் வெப்பமானியைச் சுற்றுவான். உள்ளே தையல் மிஷின் சட்டென்று நிற்கும்.

"இன்னிக்கு எவ்வளவு?"

"எண்பத்தேழு."

"பரவாயில்லையே!" என்று ஒரு சிரிப்பு. மறுபடி மிஷின் ஓடும்.

நாலு மாதமாக இவ்வளவுதான் பேச்சு. முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, இந்தப் பேச்சுக்காக ஏங்கிக் கிடந்தான். ஞாயிறையும் திங்களையும் காலண்டரில் எவன் வைத்தான் என்று எரிச்சல்கூட வரும். மனதில் இருப்பதைக் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பான். வெப்பமானியை இன்னொரு முறை சுற்றுவதோடு சரி. அவளுக்கும் தன்மேல் நினைப்பு உண்டா, இல்லை பொழுதுபோகாமல் டிகிரி கேட்கிறாளா? அது தெரியாத தவிப்பு அவனைத் தின்றது.

வாசலில் நிற்கும்போது சுவரையும் தரையையும் பார்க்க அவனுக்கு ஏது நேரம்? கண் முழுக்க அவள் மேல்தான். செவ்வாய், வெள்ளி என்றால் அந்தக் கஷ்டத்திலும் தெருப் பெண்கள் எப்படியோ தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு நிற்பார்கள். அவள் மட்டும் காய்ந்த முடியை இழுத்துக் கொண்டை போட்டிருப்பாள். பாவம், வரிசையில் முந்தத் தெரியாதவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

"எழும்பும், இப்பவே போவம்" என்றார் இராஜசிங்கம். "எண்பத்தேழு இல்லையெண்டால், நீர் கோப்பிக்கடையிலை இருந்து எழுதின நம்பர் எண்டுதான் அர்த்தம். பிறகு உம்மடை இடமெல்லாம் நூருல் அமீன் பாக்கட்டும்."

"இன்னிக்குப் புதன்கிழமை சார்..."

"வெயிலுக்குக் கிழமை தெரியுமோ?"

ஆபீசில் கெட்ட பெயர் வந்தால் தங்கராஜு பொறுத்துக்கொள்வான். அந்த வாசலுக்குப் போக வழியில்லாமல் ஆகிவிட்டால் என்ன செய்வான்?

இருவரும் டாக்சியில் போய் இறங்கியபோது மணி இரண்டு. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தங்கராஜு வழக்கமான இடத்தில் நின்று வெப்பமானியைச் சுற்றினான். அனல் முகத்தில் அறைந்தது. சாக்குத் திரை காற்றில் மொறமொறத்தது.

தொண்ணூற்றொன்று.

மறுபடி சுற்றினான். இராஜசிங்கம் வெப்பமானியைப் பிடுங்கித் தானே சுற்றிப் பார்த்தார். அதே தொண்ணூற்றொன்று.

"முடிஞ்சுது. இனி நீர் இஞ்சை வரத் தேவையில்லை" என்று பேனாவைத் திறந்தார்.

நாலு மாதத்தில் முதல் தடவையாகத் தங்கராஜுவுக்கு அந்த வாசலைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மிஷின் நின்றது. எட்டிப் பார்த்த சிவகாமசுந்தரி திடுக்கிட்டாள். உள்ளே ஓடினாள். அரை வாளித் தண்ணீரோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். பக்கத்தில் நின்ற பெரியவர் அவள் கண்ணில் படவே இல்லை.

"புதன்கிழமையும் வருவீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இந்தச் சாக்கு காஞ்சு கிடக்கே, தரை கொதிக்குதே!" என்றாள், அழாத குறையாக. "வெயில்ல வெந்து வர்றவரு நிக்கிற இடமாவது குளிர்ந்திருக்கட்டும்னு, நாலு மாசமா செவ்வாய் வெள்ளி நான் தலைக்குக் குளிக்கிற தண்ணிய இங்கதானே ஊத்திக்கிட்டு இருக்கேன்!"