மன்னியின் சைக்கிள் சவாரி

"மன்னி, உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

யதுகிரி ஹலோ சொல்வதற்கு முன்பே நாத்தனார் வேதா ஆரம்பித்துவிட்டாள். பேசியது சித்தூரிலிருந்து. ஆனால் பக்கத்து சைக்கிள்காரர்கள் வரைக்கும் கேட்டது.

யதுகிரி சந்திரகிரிக் கோட்டை வாசலில் சைக்கிளை ஓரம் கட்டினாள்.

"அம்மா இடுப்பெலும்பு ஒடஞ்சு பதினோரு மாசமா படுக்கையில கெடக்கறா. நீங்க என்னடான்னா ஹெல்மெட் மாட்டிண்டு, ஃபேமிலி குரூப்ல போட்டோ போடறேள்!"

"சந்திரம்மா கூடவே இருக்கா வேதா. நன்னாப் பாத்துப்பா."

"கூலிக்கு வரவளும் ஆத்து மனுஷாளும் ஒண்ணா? அம்பத்திரண்டு வயசுல சைக்கிள் டூர் ஒரு கேடா?"

"நாலு நாள்தான். ஞாயித்துக்கெழம வந்துடுவேன்."

வேதா போனை வைத்துவிட்டாள்.

சுவர்ணமுகி ஆற்றங்கரையை ஒட்டி, சந்திரகிரியிலிருந்து காளஹஸ்தி வரை சைக்கிள் பயணம். பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம். இவர்கள் நாலு நாள் போகிறார்கள். கோயிலைக் கண்டால் இறங்குவது, இளநீரைக் கண்டால் இறங்குவது, ஒன்றுமே இல்லாவிட்டாலும் மரத்தடியில் இறங்குவது. மொத்தம் ஏழு பேர். கூட்டிக்கொண்டு போகிறவர் பிச்சாட்டூர் ஜெகநாதன்.

மறுநாள் காலை திருச்சானூரில் டிபனுக்கு நிறுத்தினார்கள். யதுகிரி போனைத் திறந்தாள். ஃபேமிலி குரூப் நிரம்பி வழிந்தது.

'தோதாத்ரி பாவம். அவன் மலைமேல பெருமாள் கைங்கர்யம் பண்றான், ஆம்படையா கீழே ஊர் சுத்தறா.'

'அடுத்தது புல்லட்டா?' என்று ஒரு சித்தப்பா. கூடவே மூன்று சிரிக்கிற பொம்மை.

ஒவ்வொன்றாகப் படித்தாள். தட்டில் பாதி இட்லி அப்படியே இருந்தது.

"இன்னாமா, நேத்துலருந்து போன் வந்துக்கினே கீது. வூட்ல எதனா பிரச்சனையா?" என்றார் ஜெகநாதன். "போணும்னா சொல்லு. சைக்கிள ஆட்டோல ஏத்தி அனுப்பிடறேன்."

"வேண்டாம். போலாம்."

கூட வந்தவர்களில் ஒருத்தி, ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பிரீத்தி. அவளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கணவன் கிஷோரிடம் சொல்வதுபோல் எல்லோருக்கும் சொன்னாள்.

"என் மாமியார் இப்படிப் படுத்திருந்தா எனக்கு ஒரு வாய் சோறு எறங்குமா? சிலருக்கு எப்படித்தான் மனசு வருதோ!"

கிஷோர் என்னவோ சொல்ல வாயெடுத்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். பெல்லை அடித்துவிட்டு முன்னால் போய்விட்டான்.

யதுகிரி காதில் எல்லாம் விழுந்தது. மற்றவர்கள் வளைவில் மறைந்ததும் இறங்கி நின்றாள். ஆற்றில் மணல்தான் இருந்தது, நடுவில் கொஞ்சம் தண்ணீர். ஒரு நிமிஷம் சைக்கிளை வீடு இருக்கும் திருப்பதிப் பக்கமாகத் திருப்பினாள். அப்புறம் மறுபடி திருப்பி, ஏறி மிதித்தாள்.

மத்தியானம் மறுபடியும் வேதா.

"நான் லீவு போட்டுட்டு சித்தூர்லேர்ந்து பஸ் ஏறிட்டேன். நீங்க டூர் முடிச்சு வாங்கோ. மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை கேக்காம நான் திருப்பதியை விட்டு நகர மாட்டேன்!"

"சரி."

"சரியா? என்ன நெஞ்சழுத்தம் உங்களுக்கு!"

மூன்றாம் நாள் சனிக்கிழமை. ஏர்ப்பேடு தாண்டியதும் யதுகிரியின் சைக்கிள் செயின் கழன்றுகொண்டது. ஜெகநாதன் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் அவளே குந்தி உட்கார்ந்து மாட்டிக்கொண்டிருந்தாள். பையில் போன் அடித்தது.

"கையெல்லாம் கிரீஸ். கொஞ்சம் எடுத்து ஸ்பீக்கர்ல போடும்மா."

பிரீத்தி எடுத்தாள். "உங்க வீட்டுலருந்துதான்" என்றாள், நல்லா வேணும் உனக்கு என்கிற மாதிரி. போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, திட்டு விழுவதைக் கேட்கத் தயாராக நின்றாள்.

மாமியாரின் குரல் மெதுவாக, கிசுகிசுவென்று வந்தது.

"யதுகிரி, வேதா குளிக்கப் போயிருக்காடி. அதான் பேசறேன்."

"சாப்டேளாம்மா?"

"ஆச்சு. அவளே பெசைஞ்சு ஊட்டினா. நேத்து சாயங்காலம் பூரா என் காலைப் பிடிச்சு விட்டா. வாய் பாட்டுக்கு ஒன்னைத் திட்டிண்டே இருந்தது, கை பாட்டுக்குப் பிடிச்சு விட்டுண்டே இருந்தது."

யதுகிரி சிரித்தாள். கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைக்கப் போய்க் கன்னமெல்லாம் கிரீஸ்.

"பதினோரு மாசமா வா வான்னு கூப்பிட்டேன். லீவு இல்லே, லீவு இல்லேன்னா. ஒன்னைத் திட்டணும்னதும் அடுத்த பஸ்ல வந்துட்டா பாரு."

"நான் சைக்கிள்ல கெளம்பினா அவ ஓடி வருவான்னு நீங்கதான் அடிச்சுச் சொன்னேளே. நான் நம்பலை."

"பெத்தவளுக்குத் தெரியாதா? ஆனா ஒனக்குத்தான் ஊர்பூராக் கெட்ட பேரு."

"அது கெடக்கட்டும்மா. நாளைக்கு சாயங்காலம் நான் ஆத்துக்கு வந்துடுவேன்."

பிரீத்தி நீட்டிய கையை மடக்கவும் மறந்து நின்றாள். போனிலிருந்து குரல் அவசரமாக வந்தது.

"அசடே, நாளைக்கு வந்துடாதே! நீ வந்தா சண்டையை முடிச்சுண்டு அவ அடுத்த பஸ்ல போயிடுவா. இன்னும் ரெண்டு நாள் அந்த சைக்கிளை எங்கேயாவது ஓட்டிண்டு இரு!"